குறை சொன்னால் கதவு சாத்தப்படும்!

'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

இணையக் கடைகளில் சாமான் வாங்குகிறவர்களில் சிலருக்கு ஒருநாள் இப்படி ஒரு வரி வந்து நிற்கும். வாங்கிய மிக்ஸி உடைந்து வந்திருக்கும். கேட்டால் பதில் இருக்காது. மறுபடி கேட்டால், மனப்பாடம் பண்ணின மாதிரி ஒரு மன்னிப்பு. மூன்றாவது முறை கொஞ்சம் காரமாக எழுதினால், அவ்வளவுதான்... பாஸ்வேர்டை எத்தனை தடவை தட்டினாலும் கதவு திறக்காது. மிக்ஸிக்கு என்ன பதில் என்ற கேள்வி காணாமல் போய், 'ஐயா, நான் இன்னும் உங்க கஸ்டமர்தானா, இல்லையா?' என்று கெஞ்சுகிற நிலைமை வந்துவிடும். குறையைத் தீர்ப்பதைவிட, குறை சொன்ன ஆசாமியைத் தீர்த்துக் கட்டுவது சுலபம் இல்லையா?

இது ஏதோ கம்ப்யூட்டர் யுகத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டவன் முகத்தில் கதவைச் சாத்துவது மிகமிகப் பழைய வித்தை. அந்த வித்தை எவ்வளவு தூரம் போகும், அதை எதிர்த்து ஜனங்களும் சட்டமும் என்னென்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது. தஞ்சாவூர்!

பொன்னி நதி, பெரிய கோயில், தலைவாழை இலை, டிகிரி காபி என்றுதான் தஞ்சாவூரை நாம் நினைத்துக்கொள்வோம். எல்லாம் உண்மைதான். ஆனால், அந்த இலையில் விழுந்த சோற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய 'கடை' இருந்தது. அதற்குப் பெயர் பண்ணை.

கடை என்று ஏன் சொல்கிறேன்? பண்ணையாளின் வாழ்க்கையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அவர் வேலை செய்வது மிராசுதாரின் வயலில். கூலி, மிராசுதாரின் களத்தில் அளந்து போடும் நெல். கல்யாணம், சாவு என்றால் கடன் வாங்குவது அதே மிராசுதாரிடம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கிடைக்கிற வேட்டி, புடவையும் அங்கேயிருந்துதான். இவ்வளவு ஏன், குடிசை நிற்கிற மனையே மிராசுதாருக்கோ கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானது. சேரியிலிருந்து ரோட்டுக்கு வருவதென்றால்கூட யாரோ ஒருவருடைய வரப்பில்தான் நடந்து வர வேண்டும்.

வேலை, சோறு, கடன், துணி, வீடு, வழி... எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். அந்த வாசலுக்கு ஒரே சாவி. சாவி யார் மடியில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 'கடை'யின் சேவையில் குறைகளுக்கும் பஞ்சமில்லை. முக்கியமான குறை, அளவு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது கணக்கு. ஆனால், மரக்கால் என்பது ஒரு பாத்திரம்தானே? அது பெரிசா, சின்னதா என்பது அளக்கிறவர் கையில் இருக்கிறது. நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது இன்னொரு மரக்கால் என்கிற குமுறல் டெல்டா முழுக்க இருந்தது. முத்திரை குத்திய மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது பின்னாளில் விவசாயத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்றாகவே ஆனது. இன்றைக்கு நாம் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டு மீட்டரை முறைத்துப் பார்க்கிறோமே, அதே சந்தேகம்தான்!

'ஆண்டே, நெல்லு கொறையுதுங்க...' என்று ஒரு பண்ணையாள் சொன்னால் என்ன ஆகும்?

சவுக்கடி. அல்லது சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். இது ஏதோ கதையில் வருகிற கொடுமை அல்ல. 'இனி இந்த இரண்டு தண்டனைகளும் கூடாது' என்று கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டிய அளவுக்கு அது நடைமுறையில் இருந்தது.

1940-களின் தொடக்கத்தில் பி.சீனிவாச ராவ் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். தாய்மொழி கன்னடம். தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, சேரிகளிலேயே தங்கி, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, சங்கம் கட்டினார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பரை, களப்பால் என்று ஊர் ஊராகச் செங்கொடி ஏறியது. 1944-ல் மிராசுதார்கள் ஒருபக்கம், சங்கத்தார் ஒருபக்கம், நடுவில் அதிகாரிகள் என்று உட்கார்ந்து பேசி மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் போயின.

சவுக்கு போனது. ஆனால், சாவி போகவில்லை!

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். அடிக்க முடியாமல் போனதும் கைக்கு வந்தது இன்னொரு ஆயுதம். 'நாளைலேர்ந்து களத்துப் பக்கம் வராதே.' இவ்வளவுதான். கையை ஓங்க வேண்டாம், குரலை உயர்த்தக்கூட வேண்டாம். 'என் வயல், யாரை வேலைக்குக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும்' என்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் நியாயம் இருப்பது போலவே தோன்றும். ஆனால், வயலோடு சேர்த்து அடுப்பு, கடன், குடிசை எல்லாவற்றுக்கும் அதே சாவிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலையை விட்டு நிறுத்தினால் பட்டினி. மனையைக் காலி பண்ணச் சொன்னால் நடுத்தெரு. சங்கத்தில் சேர்ந்தவர்கள், சாட்சி சொன்னவர்கள், கூலியைக் கேட்டவர்கள் என்று பொறுக்கி எடுத்து நிறுத்தினார்கள்.

1952-ல் சென்னை மாகாணத்துக்கு ராஜாஜி முதலமைச்சர் ஆனார். கம்யூனிஸ்டுகளை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கம் புகைந்துகொண்டிருந்த நெருப்பு அவருக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அதுவே பிறகு 'தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்' ஆனது. ஒரே ஒரு மாவட்டத்துக்காகப் போட்ட சட்டம்!

அந்தச் சட்டம் என்ன சொன்னது? ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான அளவுக்கு மேல், ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இஷ்டத்துக்குப் பண்ணையாளை நிறுத்தக் கூடாது. தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தியிருந்தால் திரும்ப வேலைக்குச் சேர்க்க வேண்டும். தகராறு என்றால் விசாரிக்க அதிகாரி உண்டு. கொடுக்க வேண்டிய கூலிக்கும் கணக்கு உண்டு. கதவு சாத்துவதே ஒரு தவறு என்று சட்டம் முதல்முறையாக அந்த வயல்வெளியில் வந்து நின்று சொன்னது.

சரி, பிரச்னை தீர்ந்ததா? அதுதான் இல்லை. 'பண்ணையாளை நிறுத்தக் கூடாதுன்னுதானே சட்டம்? பண்ணையாளே வெச்சுக்கலைன்னா?' என்று யோசித்தார்கள். நிரந்தரப் பண்ணையாள் என்ற ஏற்பாடே மெல்லமெல்லத் தேய்ந்து, அன்றாடக் கூலி வந்தது. இன்றைக்கு வேலை உண்டு, நாளைக்குக் கூப்பிட்டால் உண்டு. தினக்கூலியைத் 'திரும்பச் சேர்த்துக்கொள்' என்று எந்த அதிகாரி உத்தரவு போட முடியும்? அவன் எப்போது சேர்ந்தான், எப்போது நீக்கப்பட்டான்? கதவைச் சாத்தினால்தானே குற்றம். வீட்டுக்குக் கதவே இல்லை என்று சொல்லிவிட்டால்?

இங்கே ஒரு நிமிஷம் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போய்விட்டு வருவோம். காரணம் இருக்கிறது. கதவு சாத்துவது மேலே இருப்பவர்களின் ஆயுதம் மட்டும்தானா என்ற கேள்வி வருமல்லவா? அதற்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

1880. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாரின் ஏஜென்ட்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். நம்ம ஊர்க் கணக்கில், பண்ணையின் காரியக்காரர். அந்த வருஷம் விளைச்சல் மோசம், வாடகையை நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கச் சொன்னார்கள் குத்தகைதாரர்கள். பத்துதான் என்றது மேலிடம். மீறியவர்களுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கிளம்பியது. ஊர் கூடிப் பேசியது. கல்லை எடுக்கவில்லை, கத்தியை எடுக்கவில்லை. அந்த மனிதரை அப்படியே தனியாக விட்டுவிட்டது. வயலில் வேலைக்கு ஆள் இல்லை. வீட்டில் சமைக்க ஆள் இல்லை. கடையில் சாமான் இல்லை. தபால் கொண்டுவரக்கூட ஆள் இல்லை! கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் சிப்பாய்களை நிறுத்தி, அறுவடையை முடித்தார்கள். ஐந்நூறு பவுன் பெறுமானமுள்ள விளைச்சலைக் காப்பாற்றப் பத்தாயிரம் பவுன் செலவானதாகச் சொல்வார்கள். டிசம்பர் பிறந்ததும் கேப்டன் ஊரைவிட்டே கிளம்பினார். அவர் பெயர் மட்டும் தங்கிவிட்டது. நாம் 'பாய்காட்' என்கிறோமே, அது ஒரு மனிதரின் பெயர்!

பாய்காட்டுக்கு எதிராக ஒரு ஊரே நின்றது. ஆனாலும் அவருக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தின் பட்டாளம் வந்தது. அவருக்குப் போக இன்னொரு இடமும் இருந்தது. பண்ணையாளுக்கு எது இருந்தது? ஒரே ஆயுதம் இரண்டு கைகளில் இருக்கலாம். சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே நிற்பவருக்கு இன்னொரு கதவு உண்டா என்பதில்தான் வித்தியாசம்.

மறுபடி தஞ்சாவூருக்கு வருவோம்.

அயர்லாந்துக்காரர்கள் கண்டுகொண்ட சூட்சுமத்தை நம்ம விவசாயத் தொழிலாளர்களும் கண்டுகொண்டிருந்தார்கள். முற்றிய கதிர் காத்திருக்காது. நடவும் அறுவடையும்தான் தொழிலாளியின் பேச்சு எடுபடும் நாட்கள். 1960-களில் கீழத் தஞ்சையில் அப்படித்தான் பேசினார்கள். கேட்டது என்ன தெரியுமா? கூடுதலாக அரைப்படி நெல்.

நிலக்காரர்களும் சங்கம் கட்டினார்கள். 1966-ல் உருவானது 'நெல் உற்பத்தியாளர் சங்கம்'. தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. அந்தச் சங்கத்தின் வழி, பழைய வழிதான். கூலி கேட்டவனுக்கு வேலை கிடையாது. அறுவடைக்கு வெளியூர் ஆள். வேலை வேண்டுமா? செங்கொடியை இறக்கு. தொழிலாளர் சங்கத்தை விட்டு எங்கள் சங்கத்துக்கு வா. இன்றைய பாஷையில் சொன்னால், புகாரை வாபஸ் வாங்கினால் கணக்கு மீண்டும் திறக்கப்படும்!

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணி. அங்கிருந்தவர்கள் கொடியை இறக்கவில்லை.

1968 டிசம்பர் 25. உலகமே கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். அன்று மாலை தகராறு முற்றியது. நிலக்காரர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். இரவு, ஆயுதங்களோடு சேரிக்குள் நுழைந்தது ஒரு கும்பல். ஆண்கள் பலர் சிதறி ஓடிவிட, ஓட முடியாதவர்கள் ஒரு சின்னக் குடிசைக்குள் புகுந்து ஒளிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிப்போனார்கள்.

கதவு சாத்துவதில் தொடங்கிய விஷயம் எங்கே போய் முடிந்தது பாருங்கள். இந்த முறை உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை.

1970-ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்து ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு பேசியது. 1980-ல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். ரத்தக் கணக்கை ரத்தத்தால் கழித்தார்கள். 44 பேர் கணக்கு எந்தக் கோர்ட்டிலும் கழியவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? கீழ்வெண்மணிக்குப் பிறகு, கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் போட்டார்கள். அதன் பின்னணியில் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இது எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய சட்டம். ஆனால், 1971-ல் வந்த இன்னொரு சட்டத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். அதற்கு முன்பே, 1961-ல், குடியிருப்பவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. 1971-ல், மு.கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, ஒரு படி மேலே போனார்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றார்கள்.

'ரெண்டு சென்ட்டோ மூணு சென்ட்டோ... இதுல என்ன வந்துடப் போகுது?' என்று தோன்றலாம். ஆனால், யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை ஒரே சாவியில் தொங்கிய கதவுகளில் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். 'கூலி போதாது' என்று பகலில் சொல்லிவிட்டு, ராத்திரி அதே குடிசையில் கவலையில்லாமல் தூங்கலாம். குறை சொல்வதற்குத் தைரியம் மட்டும் போதாது சார், காலூன்றி நிற்க ஓர் இடம் வேண்டும்! கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து, 1981-ல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

வயலின் கதை இது. நிஜமான கடை, அதாவது உப்பு, புளி, மிளகாய் விற்கிற கடை என்ன ஆனது?

அதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் உரிமை கேட்டால் ஊர் அவர்களை எப்படி அடக்குகிறது என்று பம்பாய் மாகாணத்தில் ஒரு குழு ஆராய்ந்து 1930-ல் அறிக்கை கொடுத்தது. டாக்டர் அம்பேத்கர் அதில் ஓர் உறுப்பினர். அடி, உதையைவிடப் பயங்கரமான ஆயுதமாக அந்தக் குழு கண்டது எதைத் தெரியுமா? ஊர் விலக்கம். வேலை கிடையாது, வயல் வழியே நடக்கக் கூடாது, ஊர்க் கடைக்காரர் சாமான் விற்க மாட்டார். அதே கடைசியில், லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம்ம ஊர் ரெட்டைமலை சீனிவாசனும் போனார்கள். இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், இப்படி விலக்கி வைப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். அந்தக் குற்றத்துக்கான வாசகங்களை எங்கேயிருந்து எடுத்தார்கள்? பர்மாவில் 1922-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட பகிஷ்காரத் தடுப்புச் சட்டத்திலிருந்து! தன்னோடு ஒத்துப்போனவர்களைத் தேசியவாதிகள் ஒதுக்கி வைக்கக் கூடாது என்பதற்காக அரசாங்கம் போட்ட சட்டம் அது. ஆள்பவன் தன் ஆட்களைக் காப்பாற்றப் போட்ட பூட்டை, ஊரால் ஒதுக்கப்பட்டவர்களுக்காகக் கேட்டு வாங்கப் பார்த்தார்கள். பலே கெட்டிக்காரத்தனம்!

பிறகு சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29-ம் தேதி ஒரு விவாதம். கடைகளில் யாரையும் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்ற பிரிவு வருகிறது. இன்றைய அரசியல் சட்டத்தில் அது 15(2). 'கடை என்றால் என்ன? சலவைக் கடை, முடிதிருத்தும் கடையெல்லாம் அதில் அடங்குமா?' என்ற சந்தேகம் எழுந்தது. அம்பேத்கர் விளக்கினார். கடை என்ற சொல்லை உள்ளே நுழைகிற இடம் என்ற குறுகிய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடி வருகிற யாருக்கும் சேவை தர ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அது கடைதான் என்பது அவர் சொன்னதன் சாரம். கூரை இருக்கிறதா, கல்லாப்பெட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்!

1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையைக் காரணம் காட்டிச் சாமான் விற்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-ல் அதைத் திருத்தியபோது, 'சமூகப் புறக்கணிப்பு', 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்ற இரண்டையும் பெயர் சொல்லி விளக்கிக் குற்றமாக்கினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் கேட்டது கைக்கு முழுசாக வந்துசேர எண்பத்தைந்து வருஷம்!

சட்டம் வந்துவிட்டால் போதுமா? 2022-ல் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் 'இனிமே உங்களுக்குக் கடையில எதுவும் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடு' என்கிற ரீதியில் ஒரு கடைக்காரர் சொல்கிற வீடியோ நாடெங்கும் பரவியது. பின்னணி என்ன? பழைய தகராறு ஒன்று, அதில் ஒரு போலீஸ் வழக்கு. வழக்கை வாபஸ் வாங்க அவர்கள் சம்மதிக்கவில்லை என்ற கோபம். புகார் கொடுத்தவர்கள் பெரியவர்கள். மிட்டாய் மறுக்கப்பட்டது குழந்தைகளுக்கு. கடைக்காரர் கைது செய்யப்பட்டார், கடைக்கு சீல் வைக்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. குழந்தைகளுக்குக் கடைக் கதவைச் சாத்தியவர்களுக்கு, சட்டம் ஊர்க் கதவைச் சாத்தியது!

சில வாரங்களில், நம்ம தஞ்சாவூர் மாவட்டத்திலேயே, ஒரத்தநாட்டுப் பக்கம் பாப்பாநாட்டுக்கு அருகே கிளாமங்கலத்தில் அதே கதை. ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிப் பட்டியல் சாதியினருக்குச் சாமான் கொடுக்க மறுக்கும் வீடியோ வந்தது. அங்கேயும் கைது, அங்கேயும் கடைக்கு சீல். இரண்டு ஊரிலும் ஒரு விஷயம் பொது. மறுத்தவர்களே அதைத் தயக்கமில்லாமல் சொன்னார்கள். சட்டம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதோ, தெரிந்தும் ஊர் பெரிசு என்று நினைத்தார்களோ! அதை வெளியே கொண்டுவர உதவியது ஒரு செல்போன். அந்த செல்போனை எடுத்துப் படம் பிடிக்கும் தைரியம் வந்தது, பக்கத்து ஊருக்கு பஸ் பிடித்துப் போய் வேலை பார்த்து, சாமானும் வாங்கி வர வழி பிறந்துவிட்ட காலத்தில். 1943-ல் அந்த பஸ்ஸும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

ரேஷன் கடையை நாம் எவ்வளவோ கேலி செய்கிறோம். வண்டு, கல், க்யூ என்று புலம்புகிறோம். ஆனால், 'உனக்கு அரிசி கிடையாது, நீ போன வாரம் என் மேல புகார் கொடுத்தே' என்று அந்தக் கடைக்காரர் சட்டப்படி சொல்ல முடியாது. கூலிக்கு நெல் அளந்து போட்ட களத்துமேட்டிலிருந்து, கார்டைக் காட்டினால் அரிசி போடும் கடை வரைக்கும் டெல்டா நடந்து வந்த தூரம் சாதாரணமானதல்ல.

சரி, நம்ம மிக்ஸிக்காரருக்கு வருவோம். அவருடைய கஷ்டத்தையும் கீழ்வெண்மணியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, வைத்தால் பாவம். அவருக்கு ஒரு கடை மூடினால் பத்து கடை திறந்திருக்கிறது. கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம். வாங்கி, உபயோகித்து, 'உடைஞ்சிருக்கு' என்று திருப்பி அனுப்பிக் காசு பார்க்கிற கில்லாடிகளும் ஊரில் உண்டு. அவர்களை உள்ளே விடாதே என்று கடைக்காரர் சொன்னால் தப்பு சொல்ல முடியாது.

ஆனால், ஏமாற்றினவரை வெளியே நிறுத்துவது வேறு, குறை சொன்னவரை வெளியே நிறுத்துவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, விசாரணை என்று ஒன்று வேண்டும். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த இணைய வணிக விதிகள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'வந்தது' என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதெல்லாம் நமக்குக் கிடைத்த இரண்டாவது கதவுகள். பலபேருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

கவலை என்னவென்றால், கடைகள் வரவரக் குறைந்துகொண்டே வருகின்றன. சாமான் ஓரிடம், பணம் ஓரிடம், சினிமா ஓரிடம் என்று இருந்தது போய், எல்லாம் ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் வந்து சேருகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால், எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்ற ஏற்பாட்டை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம். அது நன்றாக நடக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் நெல் குறைகிறது என்று வாய் திறந்து சொன்னால்தான், சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரியும்.

ஒரு ஊர் நல்ல ஊரா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அங்கே கோயில் கோபுரம் எத்தனை நிலை, வயலில் எத்தனை போகம் என்றெல்லாம் கேட்க வேண்டாம். கடைக்காரரோடு நேற்று சண்டை போட்ட ஆளுக்கு, இன்று காலை அதே கடையில், அதே விலைக்கு உப்பு கிடைக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.